ராத்திரி தூங்குனீகளா?

பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் “என்ன நடந்தது?” என்று கேட்கக் கூடாது. அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. ராத்திரி தூங்கினாரா, காலையில் என்ன சாப்பிட்டார், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறாரா என்று விசாரிக்க வேண்டும். கொடுக்கிற டீயைக் குடிக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொன்னால் மழையோ வெயிலோ அந்த வியாழக்கிழமை போய் நிற்க வேண்டும். “நாம கதை கேக்க வரல தாயி. சொல்லணும்னு தோணுற அன்னைக்கு அவுகளே சொல்லுவாக. அதுவரைக்கும் சொன்ன கிழமைக்கு வந்து போற ஆளா நாம இருந்தாப் போதும்” என்பார்.

அக்கா மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழகக் கடலோரத்தில் உள்ளூர் ஆட்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பங்களில் வீடு வீடாக ஏறி இறங்கித் தொழில் பழகியவர். சொந்த ஊர் சின்னமனூர் பக்கம் என்பதால் பிற்பாடு தேனி மாவட்டத்துக்கே வந்துவிட்டார். நான் அப்போது போடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் வகுப்பில் தூங்கி விழ ஆரம்பித்தான். விசாரித்தால், அவன் அப்பா ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றி நடக்கிறார், அம்மா அவர் பின்னாலேயே நடக்கிறார், பிள்ளைகள் விழித்தபடி படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த வீட்டில்தான் அக்காவை முதன்முதலில் பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் அவருடன் போக ஆரம்பித்து, பிறகு பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அவரிடம் தொழில் கற்றுக்கொண்டேன். இங்கே வரும் மனிதர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி ஊர், வயது, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு அது.

பையனின் அப்பா குரங்கணியில் டோலி தூக்கியவர்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுவினர் காய்ந்த புல் சரிவில் காட்டுத்தீக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது, மற்றது ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. மலையிலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக இறந்தவர்கள் 23 பேர். வண்டி ஏற முடியாத சரிவு அது. வனத்துறையும் தீயணைப்புத் துறையும் காவல்துறையும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் முதலில் ஓடி ஏறியவர்களில் பலர் அடிவார ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, இருட்டில் பாறை பாறையாகக் கால் வைத்து, தீப்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அரசு உயரதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. மலையேற்றத்துக்குப் புது விதிகள் வந்தன. பத்திரிகைகள் இறந்தவர்களைப் பற்றி எழுதின, அது நியாயம். டோலி தூக்கியவர்கள் அந்த வாரமே காப்பித் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களை யாரும் அதற்குமேல் நினைக்கவில்லை.

ஆபத்து நடந்த முதல் இரண்டு வாரம் எல்லோரும் வருவார்கள். அரிசி வரும், அதிகாரிகள் வருவார்கள், கேமரா வரும். சொந்தபந்தம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். அப்போது தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு எழுவதும், சோறு இறங்காததும் எல்லோருக்கும் இருக்கும். அது நோய் இல்லை. உடம்பு அப்படித்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் தணியாமல், பார்த்தது திரும்பத் திரும்பக் கண்முன் வந்து, அந்தப் பக்கமே போக முடியாமல், வேலையும் வீடும் குலைந்துபோனால்தான் மருத்துவர்கள் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறார்கள். இந்த நோய்க்கு 1980-இல்தான் மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்தது. ஆக, உண்மையாகவே உதவி தேவைப்படுகிறவர் யார் என்று தெரியவரும் நேரத்தில் திண்ணை காலியாகியிருக்கும். அக்காவின் வேலை அங்கேதான் தொடங்கும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அடுத்த மார்ச், அதற்கடுத்த மார்ச்.

நடந்ததை உடனே வாய்விட்டுச் சொல்லி அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன், ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. வெளிநாடுகளில் ஒருகாலத்தில் விபத்து நடந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்லவைப்பது வழக்கமாக இருந்தது. ஆய்வு செய்து பார்த்தபோது அதனால் நோய் குறையவில்லை. சிலருக்குக் கூடியும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது. 2011-இல் அது வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. அதாவது யாருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், உதவி கிடைக்கிற இடத்தோடு அவரைச் சேர்த்துவிட வேண்டும். சொல்ல வேண்டிய நாள் பிறகு வரும். அப்போது பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லவைப்பார்கள். அந்தச் சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. அது எங்கள் வேலை இல்லை. அந்த நாற்காலி வரைக்கும் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைப்பதும், அங்கிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கூடவே நிற்பதும்தான் எங்கள் வேலை.

கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் “எனக்கு மனசு சரியில்லை” என்று வந்து நிற்க மாட்டார்கள். நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது, கை கால் ஓய்ஞ்சு போச்சு, தலை பாரமா இருக்கு என்பார்கள். ஈசிஜி எடுத்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் பயந்த கோளாறு என்று சொல்லித் திருநீறு போட்டிருப்பார்கள், பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். கம்பம், உத்தமபாளையம் பக்கத்தில் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதிப் பார்த்திருப்பார்கள். அக்கா அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. “யாரு கட்டிவிட்டாக? ஆத்தாளா? அப்ப உங்க மேல அக்கறையா ஒரு ஆள் இருக்கு” என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்குவார்.

இந்த வழியை அவர் யாழ்ப்பாணத்து அனுபவங்களைப் படித்து எடுத்துக்கொண்டார். அங்கே போர்க்காலத்தில் நெடுநாள் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே சேர்ந்து காயப்படுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மருத்துவர்கள் இருந்த இடத்தில், ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பழக்கி இந்த வேலையைச் செய்ய முடியும் என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். மூச்சுப் பயிற்சி, சவாசனம், மந்திரமோ ஜெபமோ அவரவர்க்குப் பழகிய சொல்லை மெதுவாகத் திரும்பச் சொல்வது என்று மக்கள் கையில் ஏற்கெனவே இருந்தவற்றை அவர்கள் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். என்னிடம் யாராவது இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால் முதலில் அவரைப் படிக்கச் சொல்வேன். நம் மொழி பேசுகிற மக்களின் உடம்பில் பயம் எப்படி உட்காருகிறது என்பதை அவரைப் போல விரிவாக எழுதியவர் குறைவு.

பயந்த உடம்பு ஏன் அடங்க மறுக்கிறது என்று வீட்டாருக்கு விளக்குவதுதான் நான் பழகுவதற்கு ரொம்பச் சிரமப்பட்ட பகுதி. மூளையின் பெயர்களைச் சொல்லிப் பயனில்லை. 2023 மே 27-ஆம் தேதிக்குப் பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்தது. அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் தெருத்தெருவாக ஓடியது, 144 தடை போட்டார்கள், பள்ளத்தாக்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. ஜூன் 5-ஆம் தேதி யானையைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அதற்கப்புறம் எத்தனையோ ராத்திரி, தோட்டத்தில் வாழைமட்டை சரிந்தாலே ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். “ஆனை போயிருச்சுன்னு நமக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியல. இவருக்கு வருஷக்கணக்கா அப்பிடித்தான் இருக்கு” என்றேன் ஒரு வீட்டில். அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவரை இருந்த கோபம் குறைந்திருந்தது. சோம்பேறித்தனம், நடிப்பு, குடும்பத்தைக் கவனிக்காத குணம் என்று நினைத்திருந்தவர் அவர்.

டோலி தூக்கியவருக்கு வருவோம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க அவரைச் சம்மதிக்கவைக்கவே மாதங்கள் ஆயின. “என்னையப் பைத்தியம்னு சொல்லிருவாக” என்ற ஒரே பயம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கே குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. காய்ச்சலுக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி, அதே சீட்டு வரிசை என்றதும் வந்தார். மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு நாள் போட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று தூக்கிப்போட இருந்தார். மனச்சோர்வுக்கும் இந்தக் கோளாறுக்கும் கொடுக்கிற மாத்திரை வேலை காட்டச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பதும் எங்கள் தொழிலில் சேர்த்தி.

தூக்கத்தைப் பழக்குவது தனி வேலை. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். சாயங்காலத்துக்குமேல் டீ கூடாது. முழிப்புத் தட்டினால் புரண்டு கிடக்காமல் எழுந்து வாசலில் உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, கால் இரண்டும் தரையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். அதை நடுராத்திரியில், நெஞ்சு அடைக்கும்போது செய்ய வேண்டுமென்றால் பகலில், ஒன்றுமில்லாத நேரத்தில், நூறு தடவை பழகியிருக்க வேண்டும். அக்கா அவருக்குச் சொல்லும் முன்பு என்னைச் செய்யவைத்தார். தினமும் செய்யாத ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து இறங்கிய ராத்திரியே பலர் குடித்தார்கள். அன்றைக்குத் தூக்கம் வந்தது. அதுதான் ஆபத்து. குடியில் வரும் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும். கெட்ட கனவு கூடும், மறுநாள் பயம் இன்னும் கூடும், அதற்கு இன்னும் குடிக்க வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையும் இதே பாதைதான். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே மருத்துவர்களுக்கு எழுதிவைத்திருக்கிறது. அக்கா யாரையும் குடிகாரர் என்று திட்டிக் கேட்டதில்லை. “தூங்கத்தானே குடிக்கிறீக? தூங்குறதுக்கு வேற வழி பாப்பம்” என்பார். அப்படிக் கேட்ட பிறகு ஒளித்து வைத்த குவார்ட்டரைத் தாங்களே எடுத்துக்காட்டியவர்கள் உண்டு.

டோலி தூக்கியவரின் மனைவி வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார்: கணவருக்குக் குணமானால் அக்னிச்சட்டி எடுப்பதாக. சித்திரைத் திருவிழாவில் எட்டு நாளும் முல்லைப்பெரியாற்றங்கரையில் எங்கு பார்த்தாலும் நெருப்புச் சட்டிதான். கணவரோ விறகடுப்பு எரியும் அறைக்குள்ளேயே போக மாட்டார். தோட்டத்தில் சருகு கொளுத்தினால் ஊரைவிட்டே நடந்துவிடுவார். நேர்ச்சையை வேறு மாதிரி செலுத்தலாமே, ஆயிரம் கண் பானை எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அக்கா அந்த அம்மாவிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. “எப்ப எடுக்கணும்னு ஆத்தா கேட்டாளா? இந்த வருஷம்னு சொன்னாளா? இல்லேல்ல. அப்பப் பொறுமையாப் போவம்” என்றார்.

பயப்படுகிற பொருளைச் சின்னச் சின்னப் படிகளாக நெருங்குவது உளவியல் சிகிச்சையில் தேர்ந்த முறை. மருத்துவக் குழுவில் இருந்த உளவியலாளர் படிகளை வகுத்துக் கொடுத்தார். அதை அந்த வீட்டின் வாழ்க்கைக்குள் பொருத்துவதை அக்காவிடம் பார்த்துக் கற்றேன். முதலில் குத்துவிளக்குச் சுடரைக் கொஞ்ச நேரம் பார்ப்பது. பத்துக்கு எத்தனை பயம் என்று கேட்டால் ஏழு என்பார். ஏழு நாலாக இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது. ஏழிலேயே எழுந்து ஓடிவிட்டால் உடம்பு, ஓடியதால்தான் பிழைத்தோம் என்று படித்துக்கொள்ளும். அதனால் இறங்கும்வரை இருக்க வேண்டும், ஆனால் இழுத்துப்பிடித்து உட்காரவைக்கக் கூடாது. போதும் என்று அவர் கை தூக்கினால் போதும்தான். அந்த அதிகாரம் எப்போதும் அவரிடம் இருக்க வேண்டும். மலையில் அன்றைக்கு எதுவும் அவர் கையில் இல்லாமல் போனது. இங்கே எல்லாம் அவர் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் தெரிய வேண்டும். பிறகு சூடம், பிறகு வாசலில் இருந்தபடி விறகடுப்பு, பிறகு அடுப்புக்குப் பக்கத்தில்.

கொரோனா வந்து எல்லாம் நின்றது. எங்கள் வருகையும் நின்றது. போனில் மட்டும் அதே வியாழக்கிழமை. மறுபடி திருவிழா களைகட்டிய 2022-இல் அவர் கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீரபாண்டியைக் கடந்து போனார், இறங்கவில்லை. அடுத்த வருஷம் மனைவி சட்டி எடுத்தார். அவர் ஆற்றங்கரை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். கூட்டம் நெருக்கியதும் விலகிப்போய்க் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மனைவி அதற்காக முகம் சுளிக்கவில்லை. முழுதாகக் குணமானாரா என்றால், இப்போதும் மார்ச் மாதம் அவருக்குக் கெட்ட மாதம்தான். ஆனால் தோட்ட வேலைக்குத் தவறாமல் போகிறார். பையனுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். அதைக் குணம் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த மார்ச்சுக்கு முன்கூட்டியே தயாராவது அக்கா வைத்திருக்கும் வழக்கம். மாசி பிறந்ததும் போடி மலையில் ராத்திரி நெருப்பு கோடு கோடாகத் தெரியும், பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் கோட்டை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டேதான் இந்த மனிதர்கள் வாழ வேண்டும். அதனால் பிப்ரவரியிலேயே உட்கார்ந்து பேசிவிடுவோம். படுக்கையை மலை தெரியாத பக்கம் மாற்றுவது. நினைவு நாளில் டிவி பழைய காட்சியைப் போடும், அன்றைக்கு டிவி வேண்டாம். வாட்ஸ்அப்பில் யாராவது அந்த வீடியோவை அனுப்பினால் பார்க்காமல் அழித்துவிடுவது. அந்த வாரம் மச்சானோ தம்பியோ வந்து வீட்டில் தங்குவது. மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது. பயம் கூடினால் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைக்காமல், இது மார்ச், ஏப்ரலில் இறங்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைக்கிறோம்.

இன்னொருவர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண். விடியுமுன்னே கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறி, இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். அவர் போன ஜீப் ஒருநாள் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இறந்துபோனார். பயிற்சிக் கையேட்டில், படபடப்பு வரும்போது பிடித்த வாசனை ஒன்றை முகரச் சொல்லலாம் என்று இருக்கும். அக்கா என்னை முன்கூட்டியே எச்சரித்தார்: “இந்தப் பக்கம் யார்கிட்டயும் ஏலக்காயை எடுத்து நீட்டிராத.” அந்தப் பெண்ணுக்கு ஏலக்காய் வாசம்தான் விபத்தின் வாசம். பாயசம் வைத்த வீட்டுக்குள் அவர் போவதில்லை. எது தன்னை இந்த நிமிஷத்துக்குக் கொண்டுவரும் என்று அவரே தேடிக் கண்டுபிடித்தார். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். முதலில் நின்றிருந்த ஜீப்பில் உட்கார்ந்து பழகினார். பிறகு நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவு வரைக்கும். அப்புறம் பலகை எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேலே மேலே.

இவர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பைப் பார்த்துப் பயப்படுவது கோளாறு ஆகாது. அந்தப் பயம் நியாயமானது. மூச்சுப் பயிற்சி செய்து அந்தப் பயத்தை அடக்கிக்கொண்டு மறுபடி அதே நெரிசலில் ஏறு என்று சொல்வதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. கூடப் போகிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இத்தனை பேருக்குமேல் ஏற்றினால் நாங்கள் வர மாட்டோம் என்று டிரைவரிடம் அவர் நின்று சொன்ன நாள்தான் அவர் மீண்ட நாள் என்று அக்கா சொன்னார். நானும் அப்படியே நினைக்கிறேன். தன்னைப் பார்த்துக்கொள்வது என்றால் குளிப்பது, உண்பது, உறங்குவது மட்டுமா? தன் உயிருக்கு மதிப்புக் கேட்பதும் அதில் உண்டு.

கேட்கிறவருக்கும் காயம் படும். டோலி தூக்கியவர் தான் கண்டதைச் சொன்ன நாளுக்குப் பிறகு எனக்குச் சமையலறையில் எண்ணெய் காய்கிற வாசம் பிடிக்காமல் போனது. அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, மற்ற வீடுகளில் கேட்கிற அதே கேள்வியை என்னிடமும் கேட்பார்: “ராத்திரி தூங்குனியா? சாப்ட்டியா?” ஒரு நாளில் கடினமான வீடுகளை அடுத்தடுத்து வைக்கக் கூடாது, ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும், நோட்டில் நடந்த கொடுமையை எழுதாமல் அடுத்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் எழுத வேண்டும், பன்னீர் திராட்சை பறிக்கிற நாளில் லீவு போட்டுவிட்டுச் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். இவையெல்லாம் அவர் விதிகள். அவற்றை ஆரம்பத்தில் சலுகை என்று நினைத்தேன். தொழிலில் பத்து வருஷம் நிற்க வேண்டுமானால் கருவியைப் பேணுவது கட்டாயம் என்று இப்போது தெரிகிறது. நர்சுகள், 108 ஊழியர்கள், வனக்காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் யாருக்கும் இப்படி வெள்ளிக்கிழமை கேட்க ஆள் இல்லை. இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் காயம் குரங்கணியோடு நிற்கவில்லை. 2011 டிசம்பரில் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே இறங்கி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் இறந்தார்கள். எல்லாம் நம் தோட்டத் தொழிலாளிக் குடும்பங்கள். செய்திக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே அடிவாங்கிக்கொண்டு இருக்கிறவர்களின் கணக்கு வேறு. அவர்களில் பெரும்பாலானவர்களை யாரும் திரும்பப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், விபத்திலோ தீயிலோ வெள்ளத்திலோ வன்முறையிலோ தப்பி வந்தவர் ஒருவர் இருப்பார். நடந்து இரண்டு வருஷம், ஐந்து வருஷம் ஆகியிருந்தாலும் போய்ப் பாருங்கள். கதை கேட்காதீர்கள். தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள், அடுத்த வாரமும் போங்கள். தூக்கமும் வேலையும் கெட்டுக் கிடந்தால் பக்கத்துத் தாலுகா அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று விசாரித்துக் கூட அழைத்துப்போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, தனியாக விடாமல் கூட்டிப்போங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.